லுங்கி கட்டிய ஜெனரலின் சண்டை நிறுத்தம்

ஜெனரல் ஊ மின் தோ ஒரு சுபயோக சுபதினத்தில் சீருடையைக் கழற்றிவிட்டு லுங்கி கட்டி அதிபரானார். அந்த முகூர்த்தத்திலிருந்து பர்மாவில் ஜனநாயகம் நடைபெறுவதாக அரசாங்கம் மகிழ்ச்சியுடன் அறிவித்தது. நாள் குறித்தவர் பெரிய ஜோசியர் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

கச்சின் மலையில் விவசாயி லாபாய் தாங்குக்கு இந்தச் சீர்திருத்தத்திடம் ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தது. சரிவில் அவன் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. கச்சின் போராளிகள் மேல் என்று சொல்லிப் பட்டாளம் குண்டு போடுவதை நிறுத்தினால் அறுத்து வீடு சேர்ப்பான். இல்லாவிட்டால் வருஷம் முழுக்கப் பட்டினிதான். ஆகவே அதிபர் வெளிநாட்டு விருந்தினர்கள் புடைசூழ ஊருக்கு வந்தபோது, தேவாலயத் திடலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான், பாவம்.

"சண்டையை நிறுத்தும்படி நேற்றே உத்தரவிட்டுவிட்டேன்" என்றார் அதிபர்.

எதிர்மலையில் பீரங்கி முழங்கியது.

"அது என்னங்கய்யா?" என்றான் தாங்.

செயலர் குனிந்து அதிபரிடம் சொன்னார்: "உத்தரவு கெடைச்சிருச்சாம். ஆனா லுங்கி கட்டினவர் பட்டாளத்துக்கு உத்தரவு போடக்கூடாதுன்னு சட்டம் இருக்காம்."

"எந்த மடையன் போட்ட சட்டம்?"

"நீங்கதாங்க. சீருடையில இருந்தப்போ."

"ரொம்ப யோசிச்சுப் போட்ட சட்டம்" என்றார் அதிபர்.

தாங் எழுந்தான். "அப்ப ஒரு நிமிஷம் சீருடைய மாட்டிக்கிட்டுச் சொல்லிருங்களேன். நாங்க வேணா திரும்பி நின்னுக்கறோம்."

"மாட்டினா ராணுவ ஆட்சி ஆயிருமேப்பா. நீ போராட்டம் பண்ணு. இப்ப அதுக்கெல்லாம் அனுமதி உண்டு."

அனுமதி அங்கேயே வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கு இடையூறு கூடாது என்று ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளி ஒன்றும் ஒதுக்கப்பட்டது. அது தாங்கின் வயல்.

"அங்கதானங்க குண்டு விழுது?"

"அதனாலதான் அங்க நடமாட்டமே இல்ல" என்றார் செயலர்.

சொல்லி வாய் மூடவில்லை, வயலில் குண்டு விழுந்தது. காய்ந்த நெல் குபீரென்று பற்றிக்கொண்டது. தாங்கின் மனைவி ரோய் ஜா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதிபர் எழுந்தார். "அன்பார்ந்த மக்களே, முன்பெல்லாம் வயலை எரித்தது யார் என்று சொன்னால் சிறை. இனி நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். பிறகு ஊரே தட்டியது.

"எரியறது நம்ம நெல்லுய்யா. நீ எதுக்குத் தட்டுற?" என்றாள் ரோய் ஜா.

தாங் தன் கைகளைப் பார்த்தான். அவை நிற்கவில்லை.

"முன்னெல்லாம் துப்பாக்கியக் காட்டித் தட்டச் சொல்வாங்க. இன்னைக்கு யாருமே சொல்லல பாரு" என்றான். "நானாத்தான் தட்டுறேன்."