ஆயுத பூஜையன்று அண்டா சுற்றிய கதை

பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு, பெண் வீட்டார் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும் அந்த இடைப்பட்ட நாட்களில் ஆண்பிள்ளைகளுக்கு மூளை வேலை செய்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தானா என்று தெரியாது, எனக்கு அப்படித்தான். (என் மனைவியைக் கேட்டால், அதற்கு முன்னும் பின்னும்கூட அது வேலை செய்ததாகத் தகவல் இல்லை என்பாள்.)

இரண்டாயிரமாவது ஆண்டையொட்டிய சமயம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்தேன். குண்டை நேராகச் சுடாமல் வானத்தில் எறிந்து அந்தப் பக்கம் விழவைக்கும் மோர்ட்டார் பீரங்கி இருக்கிறதல்லவா, அதைச் சுமந்து சுற்றும் மேடை ஒன்றுக்கு எங்களுக்கு ஆர்டர் வந்திருந்தது. ராணுவக் கவச வண்டியின் தலையிலும் உட்காரும், கடற்படைப் படகிலும் உட்காரும். சிப்பாய் வெளியே தலைகாட்ட வேண்டாம். உள்ளே திரையைப் பார்த்தபடி ரிமோட்டில் ஒரு குச்சியைத் தள்ளினால் பீரங்கி தானே திரும்பும். நாங்கள் செய்தது வெறும் மாடல்தான். குண்டும் கிடையாது, மருந்தும் கிடையாது, பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் குழாய். கவிழ்த்து வைத்த பிரியாணி அண்டா போல இருந்ததால் ஷெட்டில் அதற்குப் பெயரே அண்டா.

அதில் என் பங்கு வயர் இழுத்து ரிமோட்டைப் பொருத்தியது. ஆனால் பெண் வீட்டில் காராபூந்தியைக் கொறித்தபடி நான் சொன்னது, "பீரங்கி மொத்தமும் என் கன்ட்ரோல்லதாங்க இருக்கு."

பெண் ஜெயந்தியின் அப்பா காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் ரிப்பேர் செய்பவர். அதைப் படகின் மேல் வைத்தால் படகு கவிழாதா என்று அவர் கேட்டார். எனக்கே புரியாத ஒரு விளக்கத்தை வெகுநேரம் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்" மட்டும்தான் வந்தது, பதில் வரவில்லை. ஜெயந்தியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த இடம் தவறிப்போனால் தாங்காது என்று தோன்றியது. அதனால்தான் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு தொழிற்சாலைக்கு வரச் சொன்னேன்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கம் தொழிற்சாலையே கல்யாண வீடாகிவிடும். மெஷின்களைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைப்போம். வேலை செய்பவர்களின் வீட்டார் எல்லோரும் வருவார்கள். பொரி, கடலை, சுண்டல் நடக்கும். ஒரே ஒரு விதி, படைத்துவிட்ட பிறகு மறுநாள் காலை வரை எந்தக் கருவியையும் யாரும் தொடக் கூடாது.

அண்டாவுக்குச் சாமந்தி மாலை போட்டு, குழாய் நுனியிலிருந்து ஷாமியானா கம்பு வரை சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். திருஷ்டி கழிக்க வேண்டிய பூசணிக்காய் அண்டாவின் தலையில் உட்கார்ந்திருந்தது. ரிமோட்டை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே அலங்கரித்தேன். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்துக் குச்சியின் கழுத்தைச் சுற்றி அப்பினேன். சிவப்பு ஸ்டாப் பட்டனின் மேல் இன்னொரு உருண்டை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் அவ்வளவு சந்தனம் பூசியிருக்க மாட்டார்கள்.

பூஜை முடிந்தது. ஜெயந்தியும் அவள் அம்மாவும் ஷாமியானாவுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா பொரிப் பொட்டலத்தோடு அண்டாவை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இத்து நெஜமாவே சுத்துமா தம்பி?" என்றார்.

நான் ரிமோட்டை எடுத்தேன். ஃபோர்மேன் தேவராஜ் அண்ணன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"வேணாம் நைனா. படைச்சாச்சி. இன்னிக்கு அத்து தூங்கட்டும்."

ஒரே ஒரு சாண்தான் அண்ணா என்று சொல்லிக் குச்சியைத் தள்ளினேன். சீரியல் பல்புக்காக மெயின் ஸ்விட்ச் போட்டே இருந்தது. குழாய் அழகாகத் திரும்பியது. ஜெயந்தி நிமிர்ந்து பார்த்தாள். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். கையை எடுத்தேன்.

குச்சி திரும்பி வரவில்லை. கழுத்தில் அப்பிய சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து அதைச் சாய்ந்தபடியே பிடித்துக்கொண்டது. ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். சந்தனத்துக்குள் விரல் போனதே தவிர, பட்டன் போகவில்லை.

அண்டா சுற்றியது. பூசணிக்காய் எகிறி முதலாளியின் காலடியில் விழுந்து உடைந்தது. பல்பு வயர் ஷாமியானா கம்பைப் பிடுங்க, மொத்தத் துணியும் ஜெயந்தி தலையிலும் அவள் அம்மா தலையிலும் இறங்கியது. மிச்ச வயர் அவள் அப்பாவின் இடுப்பில் வளைந்து அவரை இழுத்துக்கொண்டு போனது. மனிதர் பதறவில்லை. பொரி சிந்தாமல் பொட்டலத்தை உயர்த்திப் பிடித்தபடி, கோயிலைச் சுற்றுவதுபோல அண்டாவைச் சுற்றி நடந்தார். முதல் சுற்றில் என்னைக் கடக்கும்போது "நிப்பாட்டு தம்பி" என்றார். அடுத்த சுற்றில் "தம்பி" இல்லை.

மெயின் ஸ்விட்சை நோக்கி ஓடினேன். அதற்கு முன்னால்தான் சரஸ்வதி படமும் படையலும் இருந்தன. சாமியைத் தாண்டக் கூடாதே என்று பக்கவாட்டில் எகிறியதில் சுண்டல் அண்டாவுக்குள் (இது நிஜ அண்டா) முழங்கால் வரை இறங்கினேன். தேவராஜ் அண்ணன் நிதானமாகப் பின்பக்கம் சுற்றி வந்து ஸ்விட்சை அணைத்தார்.

எல்லாம் நின்றது. சரிந்த ஷாமியானாவுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அம்மா "சும்மா இருடி" என்று அதட்டியதும் கேட்டது.

இதுவரை சொன்னது சிரிக்கத்தான். இனிமேல் சொல்வதற்கு வெட்கப்படுகிறேன். அளவுக்கு மேல் சுற்றியதில் அண்டாவுக்குள் இருந்த வயர்கள் அறுந்துவிட்டன. விஜயதசமிக்கு அடுத்த நாள் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. விஜயதசமியன்று, பண்டிகையை விட்டுவிட்டு, என் கூட்டாளிகள் அத்தனை பேரும் வேலைக்கு வந்தார்கள். தேவராஜ் அண்ணன் அன்றைக்குத்தான் மகளைப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தார். அண்ணி தனியாகக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். அண்ணன் என்னிடம் ஸ்பேனரை எடுத்துத் தா என்றுதான் கேட்டார். திட்டியிருக்கலாம். அந்தப் பெண் இப்போது வளர்ந்து எங்கேயாவது எதிரே வந்தால், இன்றைக்கும் எனக்கு முகம் கொடுத்துப் பேச வராது.

அதிகாரிகள் வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். ரிமோட்டைத் தேவராஜ் அண்ணன் பிடித்தார். நான் கேன்டீன் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இனி பெண் வீட்டிலிருந்து பதில் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஜெயந்தியின் அப்பாவே தொழிற்சாலை கேட்டுக்கு வந்துவிட்டார்.

"எனக்கு இஷ்டமில்ல. அவதான் ஒரே புடியா நிக்கறா. இப்டி சிரிச்சி ரொம்ப நாளாச்சின்றா. கட்டிக்கோ. ஆனா என்னாண்ட எந்த மெஷினும் காட்டாத."

இன்று வரை காட்டியதில்லை. ஆனால் அவர் விடுவதாக இல்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, டிவி ரிமோட்டை எடுத்துச் சரஸ்வதி முன்னால் வைத்துச் சந்தனம் பூசுவார். "நாளைக்கு காத்தால வரைக்கும் தொடாதீங்க மாப்ள" என்பார். பேரப்பிள்ளைகள் காத்திருந்து சிரிப்பார்கள்.

போன வருஷம் டிவியை அணைக்காமலே ரிமோட்டைப் படையலில் வைத்துவிட்டார். சந்தனம் இறங்கி ஒரு பட்டன் உள்ளேயே மாட்டிக்கொள்ள, சத்தம் ஏறிக்கொண்டே போனது. தெருவே எட்டிப் பார்த்தது. ரிமோட்டுக்குச் சந்தனம் பூசியவர் அவர். ஆனால் ஜெயந்தி, பிள்ளைகள், அவர் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தது என்னைத்தான்.

நான் எழுந்தேன். சுண்டல் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, சுற்றி வந்து பிளக்கைப் பிடுங்கினேன்.