சிங்கத்தின் நெஞ்சில் ஒட்டாத வில்லை

தோலைத் தொட்டால்தான் உள்ளே நடப்பது தெரியும் என்றோ, தெரிந்துகொண்டால் தோல் மிஞ்சாது என்றோ, பயிற்சிக்கூடத்தில் ஒரு கிழ ஆந்தை சொல்லும். எது என்று கொக்குக்குச் சரியாக நினைவில்லை. ஒரு காட்டில், அரண்மனை ஆஸ்பத்திரிக்குக் கருவி செய்யும் வேலை அந்தக் கொக்குக்கு. இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கும் மூன்று வில்லைகளை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்திருந்தது. தவளையின் நெஞ்சில் ஒட்டிப் பார்த்தபோது காகிதத்தில் கோடு அழகாக ஏறி இறங்கியது.

அந்த நேரம் பார்த்து சிங்கராஜாவுக்கு நெஞ்சுவலி வந்தது.

"ரோமத்து மேல ஒட்டினா ஒண்ணும் தெரியாது மகாராஜா," என்றது கொக்கு. "மூணு இடத்துல, நெல்லிக்காய் அளவுக்கு மழிக்கணும்."

அந்தக் காட்டில் சிங்கம் மயிர் எடுப்பது அப்பா செத்தால் மட்டும்தான்.

செயலர் காட்டுப்பன்றி எழுந்தது. "பெரிய மகாராஜா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப எடுத்தா யாருக்குன்னு ஊர் கேக்காதா? கொக்கு சார் வெளியூர்ல படிச்சது சவரத் தொழிலா?"

"மழிக்காம ஒட்டினா நேர்க்கோடு வரும் ஐயா. நேர்க்கோடுன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம்."

"அதை மினிட்ஸ்ல ஏத்த வேண்டாம்."

"எனக்கு வலிக்குதுய்யா," என்றது சிங்கம். அதையும் யாரும் ஏற்றவில்லை.

குழு போட்டார்கள். தோல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் காண்டாமிருகம் தலைவர். மூன்றாம் நாள் முடிவு வந்தது: வில்லைகளை ஆமையின் கழுத்தில் ஒட்டலாம், ஆமை மகாராஜாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். படிவத்தில் 'நோயாளி' என்ற கட்டத்தில் ராஜாவின் பெயர். 'ஒட்டிய இடம்' என்ற கட்டத்தில் 'அருகில்'.

"எனக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டது ஆமை.

"நீ நல்லாத்தானே இருக்கே, அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது," என்றது பன்றி.

துடிப்பு நிதானமாக வந்தது. மகாராஜாவுக்கு இன்னும் நூறு வருஷம் பயமில்லை என்று பன்றி வாசித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட கொக்கும் தட்டியது. சிங்கம் அதை நம்பி, வலிக்குச் சாப்பிட்டுவந்த மருந்தை நிறுத்திவிட்டு, முடிசூட்டிய நாளின் ஆண்டுவிழா ஓட்டத்தில் முன்னால் ஓடி, பாதி வழியில் விழுந்து செத்தது.

இளவரசுச் சிங்கம் அன்றே நெஞ்சுவரை மழித்துக்கொண்டது. வில்லை ஒட்ட அருமையான நெஞ்சு, வலிதான் இல்லை.

விசாரணை அறிக்கை ஒரே வரி: "கருவியில் பிழை இல்லை, ஆமை நலம்." கூடவே இன்னும் நூறு கருவி கேட்டு உத்தரவு வந்தது.

இனிமேல் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் ஆமையையும் வைத்து அனுப்புவதென்று கொக்கு முடிவு செய்தது.

நீதி: பெரியவர்களுக்கு நெஞ்சு வலித்தால், வலிக்காதவரைச் சோதிப்பதே மரியாதை.