தறி நின்ற அரை மணி நேரம்

வானொலியில் பேசுகிறவனுக்கு, தன் குரல் மட்டும்தான் மைக்கில் விழுகிறது என்றொரு நினைப்பு உண்டு. எனக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் பட்டு நெய்துகொண்டே கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒலிபரப்பாகும் ஒரு வானொலி, பாட்டும் பேச்சுமாக ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னது. அதே சமயத்தில் களம்பூர் வாத்தியார் மகள் எஸ்தரை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எஸ்தர் என்றால் உயிர். வாத்தியாருக்குத்தான் பாட்டு எழுதுகிறவன் மேல் நம்பிக்கை இல்லை.

"ரேடியோல வரட்டும், எங்க வூட்ல எல்லாரும் குந்தி கேப்போம். அப்பறம் சொல்றேன்" என்றுவிட்டார்.

சபையின் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வீடு கெஞ்சி, அரை மணி நேரம் தெருவின் தறிகளை எல்லாம் நிறுத்த வைத்தேன். (என் மேதாவித்தனம் அத்தோடு தீர்ந்துவிட்டது.) தறி இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி எங்கள் தெருக்காரர்களுக்கு மெதுவாகப் பேசவே வராது. வேலை நின்றதும் எல்லோரும் என் ஜன்னலுக்கு வெளியே கூடிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரைச்சலிலேயே பாட்டு எழுதிப் பழகிய என் காதில் அந்தப் பேச்சு ஏறவே இல்லை.

"ஒரு தபா போட்டுக் கேளேன்டா" என்றார் அண்ணன், பதிவு முடிந்ததும்.

"அதெல்லாம் நல்லா வந்துகீது" என்று தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஒலிபரப்பு நாளன்று அம்மாவும் நானும் களம்பூர் போனோம். ரேடியோவில் நான் உருகி உருகிப் பாடினேன்.

"மனமிரங்கி என் ஜெபத்தைக் கேட்கலாகாதோ..."

உடனே அதே ரேடியோவில் கணீரென்று அம்மாவின் குரல்.

"அந்த வாத்தியார் ஜெபத்த யாரு கேக்கறது? போன வாரம் பொண்ணு பாக்கப் போனோம், கண்ண மூடினவரு தொறக்கவே இல்ல. தட்டுல கேசரி கல்லாப் பூடுச்சி!"

"பொண்ணு எப்டி?" இது எதிர்வீட்டு ராணி அக்கா.

"பொண்ணு தங்கம். அதான் வாய மூடிகினு குந்திகினு இருந்தேன்."

வானொலிக்காரர்கள் ஏன் இதை வெட்டவில்லையோ! (நாடகம் என்று நினைத்திருக்கலாம்.) பின்னணியில் நான் பாட்டுக்கு அடுத்த சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் கல்யாணம் காலி என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் எஸ்தர் விம்முவதாக நினைத்தேன். அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் ரேடியோவை அணைத்தார். உள்ளே திரும்பி, "அந்தக் கேசரிய எடுத்தாங்க" என்றார். தட்டுகள் வந்தன. கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்" என்று முடித்தார். அவர் வீட்டிலேயே அப்படியொரு குட்டி ஜெபத்தை யாரும் கேட்டதில்லையாம்.

"ஜல்தியா சாப்பிடுங்க சம்மந்தி, சூடா கீது" என்றார் அம்மாவிடம்.

சம்மந்தி என்ற சொல் எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதன்பிறகு பல வருடம் அந்த வானொலியில் நான் பேசியும் பாடியும் ஓய்ந்தாயிற்று. ஆனால் சாப்பாட்டு வேளையில் என் ஜெபம் கொஞ்சம் நீண்டால் போதும், மூடிய கண்ணைத் திறக்காமலே எஸ்தர் "கேசரி" என்பாள். பேரப்பிள்ளைகள் "ஆமென்" என்று கத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.