ஸ்டென்சிலின் கடைசிக் குறிப்பு

உலகத்தில் யாருக்கு எந்த ஊரில் என்ன சங்கடம் வந்தாலும் அதற்கு ஒரு யோசனை கைவசம் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் ஸ்டென்சில்தான். கேட்காதவர்களுக்கும் சொல்வார். மாற்றலாகி வருகிறவன் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், மேனேஜரிடம் எத்தனை மணிக்கு லீவு கேட்கலாம், எந்த நாற்காலியில் மூட்டைப்பூச்சி என்று மூன்றையும் சொல்லி முடித்திருப்பார்.

சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சர்க்குலர் என்றால் ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பிரதி எடுத்த காலம் அது. அந்த வேலையை இருபது வருஷம் பார்த்தவர். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினால் தண்ணீர்தான் கறுக்கும், கை வெளுக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊழியர் சங்கத்தின் மாநில மாநாடு எங்கள் ஊரான மதுரையிலேயே நடப்பதென்று முடிவாயிற்று. மூன்று நாள், நானூறு பேர். தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபம். வெளியூர்த் தோழர்களுக்கு உள்ளூர்க் குறிப்புகள் ஒரு பக்கம் எழுதச் சொல்லிச் செயலாளர் ஸ்டென்சிலிடம் பொறுப்பைக் கொடுத்தார். வந்தது பதினோரு பக்கம். அதைச் சுருக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதே பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். அடுத்தவர் எழுத்தை வெட்டுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

நல்ல குறிப்புகள் இருந்தன, மறுக்க முடியாது. 'மதுரையில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாவிட்டாலும் சொல்வார்கள். மூன்று பேரிடம் கேட்டு, இருவர் ஒரே பக்கம் கை காட்டினால் அந்தப் பக்கம் போகவும்.' 'எந்தக் கோபுரம் வழியாகக் கோவிலுக்குள் போனீர்களோ அதன் வழியாகவே திரும்பவும். இல்லையென்றால் செருப்பு தெற்கிலும் நீங்கள் மேற்கிலும் நிற்பீர்கள்.' 'அழகர்கோவில் போகிறவர்கள் மாநாட்டுப் பையைக் குரங்கிடம் காட்ட வேண்டாம். அது தீர்மானங்களைப் படிக்காமலே கிழித்துவிடும்.'

ஆனால் நடுநடுவே சம்பந்தமே இல்லாத சங்கதிகள். கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு அரிக்கிறவர்கள் சமையற்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வருகிறவர்கள் முன்னால் உட்கார வேண்டுமாம். இடி இடித்தால் பயப்படுகிறவர்கள் மண்டபத்தின் உள்ளறையில் படுக்க வேண்டுமாம்.

"அண்ணே, நானூறு பேர்ல எத்தனை பேருக்குண்ணே கத்தரிக்கா அரிக்கும்?"

"ஒருத்தருக்கு அரிச்சாலும் அரிப்பு அரிப்புத்தான மாப்ள."

நான் இரக்கமே இல்லாமல் வெட்டினேன். அவர் தகராறு பண்ணவில்லை. கடைசிக் குறிப்பில் பேனாவை வைத்தபோதுதான் என் கையைப் பிடித்தார். "மத்ததெல்லாம் உன் இஷ்டம். இதைத் தொட்டீன்னா மெஷின் கைப்பிடியைக் கழத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன்."

அதில் இருந்தது இவ்வளவுதான்: 'சிம்மக்கல், பிள்ளையார் கோவில் சந்து, நீலக் கதவு வீடு. மாநாட்டு நாட்களில் தோழர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். காப்பி உண்டு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.'

அது அவருடைய வீடு. யாருக்காக எழுதினார் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் ஈசுவரி, தனக்குப் பிடித்தவனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றாள். வேறு ஊர், வேறு சாதி. 'இனிமே இந்த வாசல்ல கால் வைக்காத' என்று சொன்னார். அவளும் அப்பாவைப் போல ரோஷக்காரி. வைக்கவில்லை. இப்போது எங்கள் இலாகாவிலேயே பொள்ளாச்சியில் வேலை. மாநாட்டுப் பிரதிநிதிகள் பட்டியலை ஸ்டென்சில்தான் டைப் அடித்தார். பொள்ளாச்சிக் கிளையில் அவள் பெயரும் இருந்தது. அதை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"நான் போய்க் கூட்டிட்டு வரட்டாண்ணே?" என்று கேட்டேன்.

"வராதன்னு சொன்னது என் வாயி. நீ கூப்பிட்டா அது நீ கூப்பிட்டதாத்தான் ஆகும்."

"அப்ப நீங்களே போய்க் கூப்பிடுங்க."

மை படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "கூப்பிட்டு, அது மாட்டேன்னு சொல்லிருச்சுன்னா?"

மாநாடு தொடங்கியது. அவருடைய குறிப்புகளை நானூறு பேரும் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் மத்தியானமே வைகைப் பாலம் தாண்டி நீலக் கதவைத் தேடி ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. காப்பி என்றதும் தஞ்சாவூர்க் கிளை முழுசாக வந்தது. சேலத்துக்காரர் ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டார். தென்காசித் தோழர்கள் இருவர் சாப்பாட்டுக்கே இருந்துவிட்டார்கள். வழியில் போன குடை ரிப்பேர்காரர்கூட வரிசையில் நின்று காப்பி குடித்துவிட்டுப் போனார். எழுதினதை எழுதினபடியே செய்தார் ஸ்டென்சில். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மண்டபத்துப் பக்கமே போகாமல் மூன்று நாளும் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு தலையையும் தாண்டிச் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நான் போனபோது மதினி, அவர் மனைவி, தெரு முழுக்க இரவல் வாங்கிய டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பேரு வாராக. வரவேண்டியது வரலையே தம்பி. ஏன், நோட்டீசுல கத்தரிக்கா சங்கதியைப் பாத்திருக்குமே? அதுக்குத்தான கத்தரிக்கா ஆகாது. இடின்னா அம்புட்டுப் பயம் அதுக்கு."

நானூறு பேருக்குச் சம்பந்தமில்லை என்று நான் வெட்டிய வரிகளெல்லாம் ஒருத்திக்குச் சம்பந்தப்பட்டவை. அந்த வரிகளை எடுத்து ஈசுவரியிடம் காட்டலாமென்று நேரே ஆபீசுக்கு ஓடினேன். அந்தப் பதினோரு பக்கத்தையும் முந்தின நாளே பெருக்கி அள்ளிவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பிரதிநிதிகளை வழியனுப்புவது என் பொறுப்பு. பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் என் சட்டையில் குத்தியிருந்த வரவேற்புக்குழு பேட்ஜைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, நீங்க எங்கப்பா ஆபீசா?"

ஈசுவரி. கையில் அந்த நோட்டீஸ், நாலாக மடித்து.

"மொத நாளே வந்தேண்ணே. அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் கூட்டத்துல உக்கார முடியல. முனை சோடாக்கடை வரைக்கும் வந்துட்டேன். பாத்தா, வாசல் பூரா செருப்பு. ஆம்பளைக கூட்டமா நிக்கிறாக, மறைப்புல அப்பா தலைகூடத் தெரியல. அம்மாவுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு காலு ஓடல. கடைக்காரருதான் சொன்னாரு, மாநாட்டு ஆளுக காப்பி குடிக்க வந்திருக்காகன்னு."

"உள்ள வந்திருக்கலாம்லம்மா?"

"எனக்குன்னு எழுதுனதா நெனச்சுட்டுல்ல வந்தேன்? அது எல்லாருக்கும் எழுதுனது. எனக்குன்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி இருந்திருந்தாலும் வந்திருப்பேண்ணே."

இருந்தது, வெட்டியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்ததென்னவோ, "பாத்துப் போயிட்டு வாம்மா" என்பதுதான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அந்த அரை நிமிஷக் கோழைத்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலையில் போய் ஸ்டென்சிலிடம் எல்லாவற்றையும் சொல்லி, அடியை எதிர்பார்த்து நின்றேன்.

"நீ என்ன செய்வ மாப்ள, ஒரு பக்கத்துல அடங்கணும்ல" என்றார். பிறகு, "எம்புட்டு தூரம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"சோடாக்கடை வரைக்கும்."

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். அவள் நின்ற இடத்தைக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம், "இங்கிட்டா? இங்கிட்டா?" என்று கேட்டு ஓரிடத்தில் நின்று வீட்டைப் பார்த்தார். "இங்கன இருந்து பாத்தா நம்ம வீடு நல்லாத்தான மாப்ள தெரியுது" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"பொள்ளாச்சிக்கு நான் வெவரமா ஒரு லெட்டர் எழுதிர்றேண்ணே."

"வேணாம். இம்புட்டு தூரம் அது தானா வந்திருக்கு. மிச்ச தூரம் நான்ல போகணும்."

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். "பழநி வரைக்கும் போனேன் மாப்ள. என்ன பேசுறதுன்னு தெரியல, எறங்கிட்டேன்." ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன மனிதருக்கு அவர் சங்கதிக்கு ஒரு யோசனை கிடைக்கவில்லை. தீபாவளி கழித்து மறுபடியும் போனார். அந்தத் தடவை உடுமலைப்பேட்டை வரை போய்விட்டதாகச் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். அடுத்தது பொள்ளாச்சிதான். தை பிறந்ததும் போகிறேன் என்றார். மார்கழியிலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

தனியாக அனுப்பியிருக்கக் கூடாது. பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து போயிருக்க வேண்டும்.