எட்டு லுங்கிகளும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும்

என் வாழ்க்கையில் நான் பாவாடை கட்டியது ஒரே ஒருமுறைதான். அதுவும் பட்டப்பகலில், உத்திரமேரூரில் நான் படித்த பள்ளி மைதானத்தில், ஊரே கூடி நிற்க, பெற்ற தகப்பன் கண்ணெதிரில். (அது பாவாடை இல்லை, கில்ட் என்று எங்கள் சாரண ஆசிரியர் சிகாமணி சார் அன்றைக்கு நூறு தடவை சொன்னார். பார்த்தவர்களில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை.)

எழுபதுகளின் கடைசி. நான் பத்தாம் வகுப்பு. சாரணர் அணிக்கு நான்தான் தலைவன். தலைவன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டும். கோயில் கல்வெட்டைப் பார்க்க ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருகிறார், அவர் அங்கே சாரணர் தலைவராம், நம் அணிவகுப்பையும் பார்ப்பாராம் என்று தலைமையாசிரியர் ஒருநாள் அறிவித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாம் நல்லபடியா நடந்துச்சுன்னா, அணித் தலைவனை ஊட்டி முகாமுக்கு அனுப்புவேன்" என்றும் சொல்லிவிட்டார்.

ஊட்டி! செங்கல்பட்டைத் தாண்டாதவன் நான். அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லி முடித்தேன். சாலவாக்கம் அத்தையிடம் ஒரு கம்பளி மஃப்ளர் இருந்தது. அதை வாங்கிவந்து, ஐப்பசிப் புழுக்கத்தில் தினமும் கழுத்தில் சுற்றிப் பழகினேன். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

சிகாமணி சார் உண்மையில் ஓவிய ஆசிரியர். அதனால் எதையும் படத்தைப் பார்த்தே நம்புவார். ஒரு பழைய பத்திரிகையில் ஸ்காட்லாந்துச் சாரணர் படம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். மேலே நம்மைப் போலவே காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப். கீழே முட்டி வரை சாக்ஸ். நடுவில்தான் குழப்பம், கட்டம் போட்டுப் பாவாடை மாதிரி ஒன்று.

"இன்னா சார் இது, பொம்பளப் புள்ளைங்களா?" என்றான் கன்னியப்பன். அணியில் எனக்கு அடுத்து நிற்பவன்.

"மீசை கீது பார்டா. அதான் அவங்க ஊர் யூனிபார்ம். வர்றவரு இங்க வந்து அவரு ஊர் டிரெஸ்ஸைப் பார்த்தா அசந்துடுவாரா, மாட்டாரா?"

பஸ் ஸ்டாண்டு டெய்லர் அசரவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆம்பளப் பசங்களுக்குப் பாவாடையா? போங்க சார், பேஜார் பண்ணிக்கினு" என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

சார் அதற்கும் வழி கண்டுபிடித்தார். கட்டம் போட்ட துணிக்கு எங்கே போவது? வீட்டுக்கு வீடு கொடியில் தொங்குகிறதே! ஆளுக்கு ஒரு லுங்கி. அதை முழங்கால் வரை மடித்துக் கட்டி, பின்பக்கம் கொசுவம் வைத்து, மேலே சாரணர் பெல்ட்டை இறுக்க வேண்டும். உள்ளே வழக்கமான காக்கி அரைக்கால் சட்டை. கன்னியப்பன் வீட்டில் கட்டம் கிடைக்காமல் பூப்போட்ட லுங்கி வந்தது. ஸ்காட்லாந்திலும் பூ பூக்கும் என்று சார் சமாதானம் சொன்னார்.

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. லுங்கியோடு பள்ளிக்கு வந்தால் பிரம்படி, அதையே மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் மரியாதையா? உட்காரும்போது லுங்கியைப் போலச் சுருட்டிக்கொள்வதா, பாவாடையைப் போல ஒதுக்கிக்கொள்வதா? சாரிடம் கேட்டேன். "படத்துல நின்னுக்கினுதான்டா கீறாங்க. நீயும் நில்லு" என்றார்.

இரண்டு வாரம் பயிற்சி. விதி ஒன்றே ஒன்று: தலைவன் என்ன செய்கிறானோ அதையே மற்றவர்கள் செய்ய வேண்டும். "யோசிக்காதீங்கடா, யோசிக்கிறது என் வேலை" என்பார் சார்.

அந்த நாளும் வந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அணியில் ஏழுமலைக்கு மட்டும் காய்ச்சல். மற்ற எட்டுப் பேரும் எட்டு நிறத்தில் நின்றோம். ஏரிக்கரைச் சேற்றில் ஜீப் சிக்கி, வெள்ளைக்காரரும் இறங்கித் தள்ளினாராம். பேண்டை முழங்கால் வரை சுருட்டியபடியே மைதானத்துக்குள் வந்தார். கில்ட் எங்கே என்று நாங்கள் திருதிருவென்று விழித்தோம். எங்கள் கோலத்தைக் கண்டு அவரும் விழித்தார்.

"சல்யூட்!" என்றார் சார். வலது கையைத் தூக்கினேன். அப்போதுதான் வெள்ளைக்காரருக்குப் பின்னாலிருந்து, மாலையும் கையுமாக, ஊர்ப் பெரியவர்கள் சார்பில், என் நைனா வந்தார்.

மடித்துக் கட்டியவன் பெரியவர்களைக் கண்டால் அவிழ்த்து இறக்கிவிட வேண்டும். மற்ற வீடுகளில் அது வழக்கம், எங்கள் வீட்டில் சட்டம். நைனா வரப்பில் தூரத்தில் தெரிந்தாலே என் கை தானாக இறக்கிவிடும். அன்றைக்கு அவர் கண் என் முகத்திலிருந்து நேராக முழங்காலுக்குப் போனது. என் புத்தி சல்யூட்டில்தான் இருந்தது, சத்தியமாக. இடது கைதான் கொடிக் கம்பை விட்டுவிட்டு, மடிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது.

லுங்கி கணுக்காலுக்கு வந்தது. கம்பு பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் தோளில் விழுந்தது. எனக்குப் பின்னால் சரக், சரக் என்று ஏழு சத்தம். யோசிக்காமல் எல்லாரும் இறக்கிவிட்டிருந்தார்கள்.

பதறிப்போன சாருக்கு அடுத்த கட்டளைதான் வாயில் வந்தது. "முன்னால் நட!"

நடந்தோம். முதல் அடியிலேயே லுங்கி தடுக்கிச் சேற்றில் குப்புற விழுந்தேன். என் மேல் கன்னியப்பன் விழுந்தான். அவன் மேல் மற்றவர்கள். அவர்கள் தடுக்கி விழுந்தார்களா, தலைவன் விழுந்தானே என்று விழுந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர் தலைமையாசிரியரிடம் ஏதோ கேட்டார். அவரும் தோளைத் தடவிக்கொண்டே, பெரியவர்களைக் கண்டால் இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து மரியாதை என்று ஆங்கிலத்தில் விளக்கினார். வெள்ளைக்காரர் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். எதிரில் முறைத்தபடி நிற்கும் நைனாவைப் பார்த்தார். முகம் சிவந்துபோய், சுருட்டிய பேண்டை இரண்டு காலிலும் சேறு வரை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

நைனா ஆடிப்போய்விட்டார். கையிலிருந்த மாலையை அவருக்குப் போட்டார். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அதையே கழற்றி மறுபடியும் போட்டார்.

வெள்ளைக்காரரிடம் கில்ட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். சில ஊர்களில் விழாவுக்குக் கட்டுவார்கள், எங்கள் பையன்கள் அரைக்கால் சட்டைதான், நான் அதைக் கட்டியதே இல்லை என்றாராம். சிகாமணி சார் அப்போது ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். (அவர் போட்டிருந்தது செருப்பு.)

ஊட்டிக்கு ஏழுமலையை அனுப்பினார்கள். அணியில் மானம் போகாதவன் அவன் ஒருவன்தானாம். என் மஃப்ளரையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நான் எங்கள் வயல் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நைனா மேல் அவ்வளவு கோபம். அங்கேயும் அவர் வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊட்டி கெடக்குதுடா. வெள்ளக்காரனுக்கே மருவாதி கத்துக் குடுத்துட்டியே" என்றார்.

என் வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுதேன். அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போன வீடு உட்பட, காது கொடுத்த எல்லாரிடமும் நைனா இந்தக் கதையைச் சொன்னார்.

இப்போதெல்லாம் பெங்களூரிலிருந்து மகள் வீடியோ காலில் பேசுவாள். பக்கத்தில் மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு இருப்பார். நான் போனை வாங்கியதும், "அப்பா வந்துட்டாரு, இறக்கி விடுங்க!" என்று கத்துவாள். அரைக்கால் சட்டையை எங்கே இறக்குவது? பாவம், அந்த நல்ல மனிதர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார்.