சம்பந்தியம்மா சுற்றிய துளசி மாடம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டையும் ஒரே பைப்பில் இணைத்துப் பார்த்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

கண்டிப் பக்கம் அலுவிகாரையில் வீடு கட்டியபோது எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. சமைக்கிற குசினிக்கும் கக்கூசுக்கும் தனித்தனி லைன் எதற்கு, எல்லாம் தண்ணீர்தானே என்று ஒரே பைப்பில் விடச் சொன்னேன். (பைப் பொருத்த வந்த பாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.)

அந்தப் பைப் மலக்குழிக்குப் போகும் வழியில், அடைத்துக்கொண்டால் திறந்து குத்துவதற்கென்று முற்றத்தில் ஒரு சதுரத் தொட்டி. அதன் மேல் கொங்கிரீட் மூடி, வாசலுக்கு நேராக, கிழக்குப் பார்த்து! அம்மாவோ துளசி மாடம் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். மூடிக்கு மேலேயே மாடத்தைக் கட்டி, ஓரமெல்லாம் சீமெந்து பூசி, டைலும் ஒட்டிவிட்டேன். கீழே என்ன ஓடுகிறது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. பக்தியைக் கெடுப்பானேன்?

அடுத்த ஜனவரியில் தங்கச்சி கவிதாவைப் பெண் பார்க்கக் கண்டியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அவளும் அந்தப் பையனும் போனில் பேசிப் பேசி ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டார்கள். பையனுடைய அம்மா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த அம்மா மகா ஆசாரம் என்று கேள்வி.

முந்தின நாள் அம்மா வடையும் முறுக்குமாகச் சுட்டுத் தள்ளினார். நானும் உதவி செய்தேன். மிச்சமிருந்த தேங்காயெண்ணெயை, அடியில் கிடந்த பொரித்த தூளோடு, ஸிங்கில் ஊற்றினேன். ஜனவரிக் குளிரில் எங்கள் ஊரில் போத்தலுக்குள்ளேயே எண்ணெய் கட்டியாகிவிடும். பைப்புக்குள் மட்டும் உருகியே இருக்கும் என்று எந்த முட்டாள் நினைப்பான்? நான் நினைத்தேன்.

காலையில் பாத்ரூமில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் ஒரு வடைத் துண்டு நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "மாடத்த ஒடைச்சாத்தான்மா மூடியைத் திறக்கலாம்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா துளசியம்மா மேல கை வைப்பியா? கல்யாணம் நின்னாலும் பரவால்ல!"

"எனக்குப் பரவால்லன்னு யாரு சொன்னாங்க?" என்று அறைக்குள்ளிருந்து கவிதாவின் குரல் உடைந்து வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. (கலங்கி என்ன செய்ய, போக இடமில்லை.)

வாசலில் வேன் வந்து நின்றது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் மோட்டாரில் மாட்டிய தோட்டத்து ஹோஸோடு பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். ஹோஸைக் கக்கூசுக்குள் விட்டு, சுற்றிலும் பழைய துணியை அடைத்தேன். தண்ணீர் திரும்பி மேலே வராமலிருக்க, தரை ஓட்டையில் பலகையை வைத்து அதன் மேல் ஏறி நின்றேன். அப்படி நிற்கும்போதே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தம்பி, உள்ள யாரு?" மாப்பிள்ளையின் அப்பா.

"நான்தான் மாமா. வந்துர்றேன்!"

"கொஞ்சம் அவசரம் தம்பி."

சுவரிலிருந்த மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டேன். ஹோஸ் துள்ளியது. பலகை ஆடியது. எங்கோ தூரத்தில் 'குளுக்' என்றது. வெற்றி என்று நினைத்தேன்.

வெளியே நடந்ததைக் கவிதா எத்தனையோ தடவை நடித்துக் காட்டிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா மாடத்தைக் கண்டதும் உருகிப் போனாராம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு வீடா!" என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றத் தொடங்கினாராம். முதல் சுற்றில் சீமெந்து வெடித்தது. இரண்டாம் சுற்றில் அடியிலிருந்து தண்ணீர் பொங்கியது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூன்றாம் சுற்றில் வாசம் வந்தது.

நான் ஓடி வந்து பார்க்கும்போது அவர் நடுவில் நிற்கிறார், இரண்டு காலும் அந்தத் தண்ணீருக்குள்ளே. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். கவிதா தேநீர்த் தட்டோடு சிலையாகிவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அம்மா கீழே பார்த்தார். துளசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குக் கீழ என்ன இருக்கு?"

சொன்னேன்.

"அடப்பாவி! துளசியம்மாவுக்கே பொறுக்கல, அதான் பொங்குறாங்க. வெள்ளிக்கிழமையாவது ஒண்ணாவது, தூக்குங்க மாடத்த!" என்றவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எங்கள் அம்மா அழுகையை நிறுத்தவா தொடரவா என்று தெரியாமல் விழித்தார்.

மாப்பிள்ளை காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, அலவாங்குக் கம்பியைக் கேட்டு வாங்கி, மாடத்தை மூடியோடு நெம்பித் தூக்கினார். தொட்டிக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளைச் சவர்க்காரம் மாதிரி கட்டி நின்றது. மூங்கிலால் குத்தியதும் போயே போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா அதைவிட வேகமாகப் பாத்ரூமுக்குள் போனார். நான் சொம்பில் தண்ணீர் எடுத்து, மஞ்சளும் கலந்து, அந்த அம்மாவின் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சம்மதத்தை அங்கேயே, ஈரக் காலோடு சொன்னார்.

இப்போது குசினிக்குத் தனி லைன். ஸிங்கில் வலை. மிச்ச எண்ணெய் ஆறியதும் போத்தலுக்குப் போகும், சட்டியைப் பேப்பரால் துடைத்த பிறகுதான் தண்ணீர் படும். துளசி தள்ளி, நல்ல மண்ணில் நிற்கிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் மூடி எங்கே இருக்கிறது என்று கண் தானாகத் தேடுகிறது.

கல்யாணத்தன்று வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவது பெண்ணின் சகோதரன் செய்யும் முறை. நான் சொம்போடு குனிந்தேன். மாப்பிள்ளையின் காலுக்கு முன்னால் பட்டுச் சேலைக் கரையோடு இன்னொரு கால் வந்து நின்றது.

"மொதல்ல எனக்குத்தானே கழுவுனீங்க தம்பி, வரிசை மாறக்கூடாது!"

மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டிலேயே நின்று, சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு கூப்பிடுவார்: "தம்பி, இன்னைக்குக் கழுவிட்டு வரவா, வந்துட்டுக் கழுவவா?"