பொயிலருக்கு நான் போட்ட வட்டம்

எங்கள் வீட்டைச் சூடாக்க வாங்கிய புதுக் காஸ் பொயிலரை நானே சுவரில் பூட்டுவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் எடுத்த இடம் கட்டில். மூன்று கம்பளிகளுக்கு அடியில்.

பழைய பொயிலர் செத்து ஒரு கிழமை. நாங்கள் குடியேறிய தோர்ண்டன் ஹீத்தில் எல்லார் வீட்டுக்கும் வெளியே குளிர். எங்கள் வீட்டுக்கு உள்ளே. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிட்டது. தலைக்கு வைப்பதென்றால் கத்தியால் குடைய வேண்டும். மகள் கையுறை போட்டுக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டாள். மனைவி செல்வமலர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஆவி வந்தது. அதுவே போதுமான பேச்சாக இருந்தது.

நான் லேசுப்பட்ட ஆளில்லை. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர். ஒரு குளத்துக்கே மதகு வரைந்தவன். குளத்துத் தண்ணீரை வெளியே விடத் தெரிந்தவனுக்கு ஒரு பொயிலரின் புகையை வெளியே விடத் தெரியாதா? புதுப் பொயிலரில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள் குழாயால் புகை வெளியே போகும். வெளிக் குழாயால் காற்று உள்ளே வரும். சுவரில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான் வேலை.

செல்வமலர் அப்படி நினைக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உதுக்குப் பதிஞ்ச ஆள் வேணும். காஸ் வேலைக்குக் கோர்கிப் பதிவு எடுத்த ஆள்."

"கோர்கி எண்டால் அரண்மனையில வளக்கிற நாயெல்லே?"

"அந்த நாய்க்கு உங்களைவிட காஸ் மணம் தெரியும்."

நான் காதில் போட்டுக்கொள்ளாமல் குசினிச் சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். படவரைஞரின் வட்டம். பூரண சந்திரன் பார்த்தால் வெட்கப்படும்.

"இதுக்குள்ளாலயே குழாய் விடப் போறியள்?"

"ஓம். இந்த இடத்திலதான் சுவர் மெல்லிசு."

"யன்னலுக்கு நேர கீழ."

"ஓம்."

"புகை எங்க போகும்?"

"மேல போகும். புகை எண்டால் மேலதான் போகும். அது விஞ்ஞானம்."

"யன்னல் எங்க இருக்கு?"

"மேல."

"அப்ப?"

"அப்ப... யன்னலைச் சாத்தி வைப்பம்."

"நான் மீன் பொரிக்கேக்கை?"

"நீர் சும்மா இரும்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை ட்ரில் வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வீட்டில் வேறு ஒரு செல்வமலர் நின்றாள். தேத்தண்ணி தந்தாள். ட்ரில்லைத் தடவிப் பார்த்தாள்.

"யோசிச்சுப் பாத்தன். நீங்களே போடுங்கோ. உங்களுக்குத் தெரியாத வேலையே?"

நான் உஷாராகியிருக்க வேண்டும். இவள் என்னோடு இவ்வளவு சுலபமாக ஒத்துப்போனது கலியாணத்தன்று மட்டும்தான். அன்றும் ஐயர் சொன்னதற்காக.

மறுநாள் மத்தியானம் ஒரு பிறந்தநாள் விழா. பள்ளிக்கூட மண்டபத்தில் கேக் வெட்டி முடிவதற்குள் செல்வமலர் மேசை மேசையாகப் போய்விட்டாள். "இவர் பொயிலரைத் தானே பூட்டப் போறார்." "குழாய் எல்லாம் இவரே விடுறார்." ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டேன். மகிழ்ச்சியில் இரண்டாவது தடவையும் புரியாணி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, டெலிபோன் அடித்தது. சபாரத்தினம் அண்ணை. மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். அண்மையில்தான் மிச்சம் என்கிற பக்கத்து ஊருக்கு வீடு மாறியவர்.

"தம்பி குகதாசன், உம்மடதை முடிச்சுப்போட்டு எங்கட பொயிலரையும் ஒருக்காப் பூட்டித் தாரும்."

"அண்ணை, அது வந்து..."

"உம்மட கையிலதான் எனக்கு நம்பிக்கை. மகளும் பேரப்பிள்ளையளும் எங்களோட நிக்கினம். ஆறு பேர் படுக்கிற வீடு. புகை உள்ளுக்கு வராமல் பாத்துச் செய்யும், என்ன?"

ரிசீவரை வைத்தேன்.

மறுபடி அடித்தது. அடுத்த தெரு டொக்டர் கல்யாணசுந்தரம். மதுரைக்காரர்.

"குகதாசன் சார், ரொம்ப சந்தோஷம். எங்க வீட்டுக்கும் நீங்கதான் பண்ணித் தரணும். ஏன் சொல்றேன்னா, பொயிலர் புகையில வர்ற வாயு பொல்லாதது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. லேசா தலைவலிக்குதுன்னு போய்ப் படுப்பாங்க. அப்புறம் எழுந்திருக்க மாட்டாங்க. நான் பார்த்திருக்கேன்."

"அப்பிடியே டொக்டர்?"

"ஆமா. ஆனா நீங்க பண்ணினா எனக்குக் கவலையே இல்ல. முடிச்சப்புறம் புகையை அளந்து பார்க்கிற மீட்டர் உங்ககிட்ட இருக்கும்ல?"

"அளக்கிறதுக்கு... இருக்கு" என்றேன். என்னிடம் இருந்தது அங்குல நாடா.

குசினிக்குப் போனேன். மகள் யன்னலோரம் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில், சுவரில், என் பூரண சந்திரன். எனக்கு லேசாகத் தலைவலிப்பது போல இருந்தது. பொயிலரோ இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஓடிப்போய் சபாரத்தினம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, வடிவாக் கேளுங்கோ. காஸ் விளையாட்டில்லை. கண்டவன் நிண்டவனை எல்லாம் தொட விடாதேங்கோ. குழாய் யன்னலுக்குக் கீழ வரவே கூடாது. விட்ட புகையைத் திரும்ப உள்ளுக்கு இழுக்கும். பதிஞ்ச ஆளைத்தான் கூப்பிட வேணும். சட்டம் இருக்கு!"

டொக்டருக்கும் எடுத்தேன். அவருக்கு இன்னும் நீளமாகச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் செல்வமலர் கோப்பை துடைத்தபடி நின்றாள்.

"அப்ப எங்கட வீட்டுக்கு?"

"எங்கட... எங்கட வீட்டுக்கும்தான்."

"ஐயோ, நீங்கள் பூட்டுவியள் எண்டெல்லே ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன்!"

"சொன்னால் என்ன? உயிர் முக்கியமோ, கதை முக்கியமோ?"

"நீங்கள் சொன்னால் சரிதான்."

"ஆனால் நல்ல ஆள் பிடிக்க ரெண்டு மூண்டு கிழமை செல்லும்."

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வருவார்."

"எப்ப சொன்னனீர்?"

"நீங்கள் ட்ரில் வாங்கப் போன நேரம்."

வந்தவர் யன்னலில்லாத பக்கச் சுவரில் குழாயை விட்டார். மீட்டர் வைத்து அளந்தார். என்னுடைய வேலை பக்கத்தில் நின்று தலையாட்டுவது. பின்னேரமே தேங்காய் எண்ணெய் உருகிவிட்டது. என் வட்டத்தின்மேல் செல்வமலர் முருகன் கலண்டரைக் கொழுவினாள்.

நியாயமாகக் கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு பெருமை மிச்சமிருந்தது: இரண்டு குடும்பங்களுக்குப் புத்தி சொல்லிக் காப்பாற்றினேன் அல்லவா? போன ஞாயிறு அதை நேரில் பார்த்துவிட்டு வரலாமென்று மிச்சத்துக்கு பஸ் ஏறினேன். சபாரத்தினம் அண்ணை வீடு நாலாம் மாடி. கவுன்சில் பிளாட்.

"அண்ணை, புதுப் பொயிலர் எங்க?"

"என்ன பொயிலர்? இஞ்ச ஹீற்றர் எல்லாம் கரண்டிலதான். இந்தக் கட்டிடத்துக்குள்ளயே காஸ் இல்லை."

"அப்ப அண்டைக்கு..."

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது... செல்வமலர் பிள்ளை கேட்டது. எனக்குப் பொய் சரிவராது தம்பி. ரெண்டு வசனம்தான் சொன்னனான். டொக்டர்தான் நல்லாச் செய்தவராம்."

மிச்சமிருந்த மானம் மிச்சத்திலேயே போயிற்று.

பஸ்ஸில் வரும்போது கோபம் ஏறிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சத்தம் போடுவதென்று இருந்தேன். கதவு திறந்தது. நல்ல கதகதப்பு. அந்தச் சூட்டில் சண்டை பிடிக்க யாரால் முடியும்? ஆனாலும் ஆண்பிள்ளை சும்மா இருக்கலாமா?

"குளியலறை ஷவர் ஒழுகுது. நாளைக்கு அதை நானே கழட்டிப் பூட்டப் போறன்" என்றேன்.

"ஓம், பூட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு டெலிபோனை எடுத்தாள்.

"ஆருக்கு இப்ப?"

"டொக்டர் வீட்டிலயும் ஷவர் பழுதாம்."